கார் எடுக்கவில்லையா? சத்தத்தைக் கேட்டுக் கரண்ட் கோளாறைப் பிடிக்கும் வழி

"வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்றதும் பலரும் பேட்டரி கடைக்குத்தான் போன் போடுகிறார்கள். புது பேட்டரி வந்து அதுவும் இரண்டு நாளில் படுத்த பிறகுதான் எர்த் ஒயர் (பேட்டரி மைனஸைப் பாடியோடும் எஞ்சினோடும் இணைக்கும் ஒயர்) பக்கம் பார்வை போகிறது. பேட்டரி, எஞ்சினைச் சுற்றி எடுக்க வைக்கும் செல்ஃப் மோட்டார், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எல்லாமே விலை கூடிய சாமான்கள். ஆனால் கோளாறு இருப்பது பல நேரம் ஒயர் வந்து சேரும் இடத்தில். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில், காசு போகும் சோதனை கடைசியில்.

12 வோல்ட் பேட்டரி உள்ள சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு இது பொருந்தும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது.

தொடங்கும் முன்

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, கீயை ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் வரை திருப்பி இரண்டு விநாடி பிடியுங்கள். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்: டேஷ்போர்டு மீட்டரில் லைட் வந்ததா, என்ன சத்தம் கேட்டது, அந்த நேரத்தில் லைட் மங்கியதா. திரும்பத் திரும்பத் திருகினால் மிச்சமிருக்கும் சார்ஜும் போகும், அறிகுறியும் மாறிப்போகும். அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பேனர், உப்புத்தாள், டார்ச், ஜம்பர் கேபிள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே எரியக்கூடிய வாயு நிற்கும் என்பதால் அது வெறும் பொறியோடு முடியாமலும் போகலாம்.

அறிகுறி 1: எதுவுமே எரியவில்லை, சத்தமும் இல்லை

ஹாரன் அடித்துப் பாருங்கள், ரூம் லைட் போட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினல் இரண்டையும் கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் கோளாறு அங்கேதான். 10 எம்எம் ஸ்பேனரால் இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஆடவில்லை என்றால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் ஈய முனைகளிலேயே ஊசியை வைத்து அளக்கவும். முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைக்கக் கூடாது.

*12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால்* பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, அது வெளியே போகவில்லை. இப்போது ஊசிகளைக் கிளாம்புகளுக்கு மாற்றி, ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு அளங்கள். முனையில் 12.4 இருந்து கிளாம்பில் 3, 4 என்று விழுந்தால் இரண்டுக்கும் நடுவே துரு. கிளாம்பிலும் சரியாக இருந்தால் மெயின் ஃப்யூஸ் போயிருக்கலாம், அல்லது மைனஸ் கேபிள் பாடியில் போல்ட் ஆகும் இடம் விட்டிருக்கலாம். மெயின் ஃப்யூஸ் தானாகப் போவது அரிது. ஜம்பர் கேபிளை மாற்றிக் கொடுத்தாலோ, தடித்த கேபிள் ஒன்று எங்காவது பாடியில் உரசினாலோதான் போகும். காரணம் தெரியாமல் புதிதாகப் போடாதீர்கள். இது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

*11.8-க்குக் கீழே காட்டினால்* பேட்டரி காலி. சார்ஜ் ஏற்ற வேண்டும், பிறகு அறிகுறி 8-க்குப் போங்கள்.

*சார்ஜ் ஏற்றி ஒரு ராத்திரி வைத்தும் 10.5 அருகிலேயே நின்றால்* ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. அந்த பேட்டரிக்கு வைத்தியம் இல்லை.

அறிகுறி 2: 'டக்டக்டக்டக்' என்று வேகமாக அடிக்கிறது, லைட் மங்குகிறது

செல்ஃபின் சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, வோல்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. சார்ஜ் குறைவு, அல்லது சார்ஜ் வரும் வழியில் அடைப்பு.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே சுத்தமாக இருக்கும் கிளாம்பை உருவினால், உள்ளே ஈய முனையைச் சுற்றி அடர்சாம்பல் நிறத்தில் மெழுகு பூசியது போல ஒரு படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் வராது. ரூம் லைட்டுக்கு வேண்டிய அரை ஆம்பியரை அது விட்டுவிடும். செல்ஃபுக்கு வேண்டிய நூறு, நூற்றைம்பது ஆம்பியரை விடாது. 'லைட் எரியுது, ஆனா எடுக்கலை' என்ற குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. உப்புத்தாளால் முனையையும், கிளாம்பின் உட்புறத்தையும் வெள்ளி நிறம் தெரியும்வரை தேயுங்கள்.

வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் கழுவுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் இறங்கினால் ஆசிட் கெட்டுப்போகும். துடைத்து, உலர்த்தி, இறுக்கிய பிறகு மேலாக வாசலின் தடவலாம். முழுக்க முறுக்கியும் கிளாம்ப் சுழன்றால் உள்ளே ஆணி, தகரத் துண்டு என்று எதையும் செருக வேண்டாம். புது கிளாம்பே போடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மட்டமும் பாருங்கள். பிளேட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவு நிற்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆர்.ஓ. தண்ணீரோ ஆசிட்டோ கூடாது. நம் வெயிலில் கோடை மாதங்களில் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

*ஜம்பர் போடுவது:* சிவப்பு, காலியான பேட்டரியின் பிளஸில். அதே கேபிளின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் மறுமுனையை நின்றுபோன காரின் எஞ்சின் இரும்பில், பெயின்ட் இல்லாத போல்ட்டில் கடிக்க விடுங்கள், பேட்டரியில் வேண்டாம். கழற்றும்போது நேர் எதிர் வரிசை. கடையில் கிடைக்கும் மலிவான கேபிள்களில் ரப்பர்தான் தடிமன், உள்ளே செம்பு குறைவு. அப்படிப்பட்ட கேபிள் என்றால் போட்டவுடன் கீயைத் திருப்பாதீர்கள். உதவிக்கு வந்த வண்டியை ஓட விட்டு 10 நிமிடம் பொறுங்கள். கொஞ்சம் சார்ஜ் ஏறிய பிறகு அதே கேபிளில் எடுத்துவிடும்.

டெர்மினல் சுத்தம், ஓய்வில் 12.6 வோல்ட், ஆனாலும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ் விழுகிறதா? அப்போது பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து அளக்கும் சோதனை) கேளுங்கள். ஓட்டி வந்தவுடன் அளந்தால் மீட்டர் ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்க வேண்டும். மாற்ற வேண்டி வந்தால் பழைய பேட்டரியின் மேல் உள்ள எண்ணை, கடைசி எழுத்து உட்பட, அப்படியே பார்த்து வாங்குங்கள். அந்த எழுத்து மாறினால் பிளஸ் பக்கம் மாறிவிடும், கேபிள் எட்டாது.

அறிகுறி 3: ஒரே ஒரு 'டக்', அதோடு சரி

பலமான ஒரு 'டக்' எஞ்சின் அருகிலிருந்து வரும். ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து மெல்லிய 'டிக்' மட்டும் வந்தால் அது ரிலே (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்ச்) சத்தம். அறிகுறி 4-க்குப் போங்கள்.

தேவையில்லாமல் செல்ஃப் மாற்றப்படுவது இந்த அறிகுறியில்தான், அதனால் இங்கே நிதானம் வேண்டும்.

முதல் சோதனைக்கு மீட்டர் கூட வேண்டாம். ஜம்பர் கேபிளின் கறுப்பு ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள். வண்டி எடுத்துவிட்டால் எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயர்தான் காரணம். பார்க்க முழுசாக இருக்கும். ஒயர் முனையில் உள்ள உலோக வளையமான லக்குக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினால் உறைக்குள் மொறுமொறுவென்று இருக்கும். அங்கே செம்பு பச்சைத் தூளாகிவிட்டது. ஒயரை மாற்றி, பாடியிலும் எஞ்சினிலும் அது உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது.

எடுக்கவில்லை என்றால் மீட்டரும், கீயைத் திருப்ப இன்னொருவரும் வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை உருவி வையுங்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் இரண்டு அளவு எடுக்க வேண்டும்.

பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே: 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 1 வோல்ட் காட்டினால் எர்த் வழி மோசம்.

பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ஃபில் தடித்த கேபிள் ஏறும் போல்ட்டுக்கும் நடுவே: 0.5-க்குள் இருந்தால் சரி. கூடினால் கேபிள், அல்லது அந்த நட்டு லூஸ்.

இரண்டுமே கிட்டத்தட்ட பூஜ்யம், லைட்டும் மங்கவில்லை, ஆனாலும் 'டக்' மட்டும்தானா? கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. சோலினாய்டின் உள் காண்டாக்ட் எரிந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஒருவர் கீயைப் பிடித்திருக்கும்போது செல்ஃபின் உடலில் ஸ்பேனரால் லேசாக நாலு தட்டு தட்டினால் ஓடலாம். ஓடினால் நேராகக் கடைக்குப் போங்கள், வழியில் அணைக்காதீர்கள். அடுத்த தடவை தட்டினாலும் ஓடாமல் போகலாம். கடையில் புது செல்ஃப் என்று ஆரம்பித்தால், பிரஷ், புஷ் (சுற்றும் தண்டைத் தாங்கும் வளையம்), சோலினாய்டு மட்டும் மாற்றிச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் சுருள்) எரியாத வரை அது போதும்.

'டக்' என்றதும் லைட் எல்லாம் அணையும் அளவுக்கு மங்கினால் கதை வேறு. பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் அப்படி என்றால் செல்ஃப் உள்ளே பிடித்துக்கொண்டது, அல்லது எஞ்சினே சுற்றவில்லை. மழை வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கையை எடுத்துவிடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனோடு இணையும் கனெக்டிங் ராடு வளையும். அப்படிப் போன எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணமும் கிடைக்காது. மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை இழுத்துப்போகச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: லைட் பளிச்சென்று இருக்கிறது, செல்ஃபில் சத்தமே இல்லை

கட்டளையே செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. வரிசையாகப் பாருங்கள்.

பல கார்களில் கிளட்ச் முழுதாக மிதிபடாமல் செல்ஃப் அடிக்காது. தரை விரிப்பு மடங்கிக் கிளட்சுக்குக் கீழே போயிருந்தாலே போதும். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை அழுத்தி, லீவரை 'பி'யிலிருந்து 'என்'-க்கு மாற்றி எடுத்துப் பாருங்கள். 'என்'-இல் மட்டும் எடுத்தால் கியர் சுவிட்ச் கோளாறு. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்ச், அல்லது அதன் ஃப்யூஸ்.

டேஷ்போர்டு மீட்டரில் சாவிப் படம் சிமிட்டினால் இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியை அடையாளம் காணவில்லை. சாவிக் கொத்தில் உள்ள மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு, அல்லது இன்னொரு சாவியால் முயலுங்கள். ஸ்மார்ட் கீ என்றால் பல வண்டிகளில் சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டி வைத்து அழுத்தினால் செல் காலியானாலும் எடுக்கும். பிறகு உள்ளே உள்ள பட்டன் செல்லை மாற்றிவிடுங்கள். இரண்டு சாவியும் எடுபடவில்லை என்றால் கம்பெனி ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

சாவி சரி என்றால் ஸ்டார்ட்டர் ரிலே. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் படம் இருக்கும். அதே எண் பொறித்த ஹாரன் ரிலேயை உருவி ஸ்டார்ட்டர் ரிலேயின் இடத்தில் செருகிப் பாருங்கள். எடுத்தால் சில நூறு ரூபாயோடு முடிந்தது.

அதுவும் இல்லை என்றால் செல்ஃபுக்கு வரும் மெல்லிய ஒயர். கீயை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது அதன் முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தால் செல்ஃபைக் கழற்ற வேண்டும். வரவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், அல்லது நடுவே எலி கடித்த ஒயர். ஸ்டியரிங் கவரைப் பிரிக்க வேண்டி வந்தால் உள்ளே ஏர்பேக் ஒயர் ஓடுவதால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஸ்குரூடிரைவரால் சோலினாய்டின் இரண்டு முனையையும் தொட்டு எடுக்கும் வழக்கம் ரோட்டோரத்தில் உண்டு. கியரில் இருந்தால் வண்டி பாய்ந்து, முன்னால் நிற்பவர் மேலேயே ஏறும். செய்யாதீர்கள்.

அறிகுறி 5: இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது

அறிகுறி 2, 3-இல் சொன்ன அதே சோதனைகள், அதே வரிசை. எல்லாம் சரியாக இருந்து, எஞ்சின் சூடானபோது மட்டும் இழுத்தால் செல்ஃபின் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறது. ஒரு தடவைக்குப் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, நடுவே ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

அறிகுறி 6: 'விர்ர்' என்று செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை

செல்ஃபின் பெண்டிக்ஸ் கியர் எஞ்சினின் பல்சக்கரமான ஃபிளைவீலைப் பிடிக்கவில்லை. பேட்டரியிலோ ஒயரிலோ தேட வேண்டாம். செல்ஃபைக் கழற்றி பெண்டிக்ஸ் மாற்ற வேண்டும், கழற்றும்போது ஃபிளைவீல் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 7: எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

பெட்ரோல் வண்டி: ஏசி ஃபேனை அணைத்து, கதவை மூடி, கீயை ஆன் மட்டும் செய்யுங்கள். பின் சீட் பக்கம் இரண்டு விநாடி 'ஊம்ம்' என்று பம்ப் ஓட வேண்டும்.

*ஓடவில்லை:* பம்ப் ஃப்யூஸைப் பாருங்கள், பிறகு ரிலேயை மாற்றிப் பாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒரு தடவை போடலாம் (15 நீலம், 20 மஞ்சள்). மறுபடி போனால் நிறுத்துங்கள். பெரிய ஃப்யூஸோ, சிகரெட் பெட்டித் தாளோ, செம்புக் கம்பியோ வைத்தால் அடுத்து எரிவது ஒயரிங். பம்ப் சாக்கெட்டில் அந்த இரண்டு விநாடியும் 12 வோல்ட் வந்தும் பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப் போய்விட்டது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். பம்ப்பைக் குளிரவைப்பதே டேங்க்கில் உள்ள பெட்ரோல்தான்.

*ஓடுகிறது:* செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா பாருங்கள். பல வண்டிகளில் முள் அசையாமலே இருந்தால், எஞ்சின் சுற்றுவதை அறியும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வரும். சூடானால் எடுக்காது, அரை மணி நேரம் ஆறினால் எடுக்கும் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சின்ன ஸ்கேனரை (கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) செருகினால் பி0335 என்ற கோளாறுக் கோடு (code) வரலாம். சென்சார் வாங்கும் முன் அதன் ஒயரையும் சாக்கெட்டையும் கண்ணால் பாருங்கள். எலி கடித்திருந்தாலும் இதே கோடுதான்.

இதற்கு மேல் இசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்), இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் பாகம்). அங்கே ஊகத்தில் சாமான் மாற்றுவது வீண் செலவு, ஸ்கேனர் உள்ளவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 8: ஜம்பர் போட்டால் எடுக்கிறது, மறுநாள் காலையில் மறுபடி காலி

பேட்டரி சார்ஜைப் பிடித்துவைக்கவில்லை, ஆல்டர்னேட்டர் ஏற்றவில்லை, அல்லது ராத்திரியில் ஏதோ குடிக்கிறது. மூன்றில் எது என்று பிரித்தால்தான் காசு மிஞ்சும்.

வண்டி ஓடும்போது பேட்டரியில் அளங்கள்: 13.8 முதல் 14.5 வோல்ட். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டாலும் 13.2-க்குக் குறையக் கூடாது. 12.5-இல் இருந்து இறங்கிக்கொண்டே போனால் முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டர் பின்பக்க சாக்கெட் கழன்றிருக்கிறதா பாருங்கள். பிறகுதான் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பிரஷ். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, அன்றே காட்டுங்கள்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டைனமோ சார்ஜ் பண்ணுதா' என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய அம்பாசிடர் காலத்து டைனமோவில் அது ஓடியிருக்கலாம். இன்றைய காரில் அந்த நொடியில் எகிறும் வோல்ட் இசியூவையே சாகடிக்கும். யாராவது செய்ய வந்தால் தயங்காமல் தடுங்கள்.

சார்ஜிங் சரி என்றால் ராத்திரிக் கசிவைத் தேட வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டரை மாட்டுங்கள். எல்லாக் கதவும் பூட்டியிருக்க வேண்டும், சாவி தூரத்தில் இருக்கட்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது கீயைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்க 30 முதல் 45 நிமிடம் ஆகும். அதற்கு முன் காட்டும் அளவை நம்பாதீர்கள்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அந்த அளவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரிக் கொள்ளளவின் அளவு) எடுக்கும், 35 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி ஆகும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் எடுக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம், வண்டியில் கோளாறு இல்லை. 400 மில்லி ஆம்பியர் காட்டினால் டிக்கியில் 5 வாட் பல்பு அணையாமல் எரிகிறது என்று வையுங்கள். நாளுக்குப் 10 ஆம்பியர் அவர், இரண்டு ராத்திரியில் படுத்துவிடும். போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள், பல்பு அணைகிறதா என்று தெரிந்துவிடும்.

பல்பு இல்லை என்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் அளவு விழுகிறதோ அந்த லைன். கம்பெனியில் வந்த சாமானைவிட வெளியில் போட்ட ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ், சென்ட்ரல் லாக் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். எந்த ஃப்யூஸை உருவியும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டையோடு கசியலாம், அதற்கு எலக்ட்ரீஷியன்.

அறிகுறி 9: ஒரு நாள் எடுக்கிறது, ஒரு நாள் எடுப்பதில்லை

மழை நாளில் மட்டும் என்றால் ஃப்யூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து உள்ளே ஈரம், பச்சை பிடித்த கால்கள் இருக்கிறதா பாருங்கள். மைனஸைக் கழற்றிவிட்டு ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் உலர்த்துங்கள். பள்ளம் மேடு ஏறிய பிறகு என்றால் டெர்மினலும் எர்த்தும். பல நாள் ஒரே இடத்தில் நிறுத்திய பிறகு என்றால் எலி; எஞ்சின் மேல் பொட்டுப் பொட்டாகப் புழுக்கை, கடித்த ஸ்பாஞ்ச் தெரியும். கடிபட்ட ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு மழைக்குத்தான் தாங்கும். சாலிடர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

எதிலும் சேரவில்லை என்றால், அடுத்த முறை எடுக்காதபோது மீட்டர் பலகையும் சத்தமும் தெரிய போனில் வீடியோ எடுத்து, அந்த நேரத்துப் பேட்டரி வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனால் வண்டி ஒழுங்காக எடுக்கும். எலக்ட்ரீஷியனுக்குப் பிடிமானம் அந்த வீடியோவும் அந்த எண்ணும்தான்.